தண்ணிக் கழிவு

புதன்கிழமை, அரைப்பேரோடு வேலையை முடித்துவிட்டு
கந்தப்பளையில் பஸ் ஏறினோம், ஒன்பது பேர்.
எட்டுப் பேர் வீட்டில் சொன்ன காரணம் வேறு.
பல்லுப் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருந்த சூசைமுத்து
திரும்பும்போது கன்னத்தை எப்படி வீங்க வைப்பதென்று
நுவரெலியா வரும்வரை யோசித்தான்.

எங்கள் மைதானத்தில் தேசிய அணி.
எதிரே, கடலுக்கு நடுவில் எங்கேயோ ஒரு தீவு.
பெயரைச் சொல்ல ரெண்டு தரம் நாக்கைப் புரட்டவேண்டும்.
எங்களைவிடச் சின்ன நாடும் இருக்கிறதென்று
அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

டிக்கெட் நூறு ரூபாய். கிழித்துத் தந்தவன்
கையிலிருந்த மீதிக் கட்டைப் பார்த்தான்,
எங்களைப் பார்த்தான்,
"எங்க வேணும்னாலும் குந்துங்க" என்றான்.

நான் கொழுந்து நிறுக்கிறவன்.
எண்ணாமல் இருக்கமுடியாது.
நூற்றி முப்பத்தாறு.
அதில் பொலிஸ் பன்னிரண்டு, கழி.
கடலை விற்கும் சுமனபால, கழி.
மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது, கழி.
நாயை நான் சேர்க்கவேயில்லை.

"தண்ணிக்கு எவ்வளவு வெட்டுவீங்க?"

பின்வரிசையில் யோகமலர்.
கொழுந்துச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு ரெண்டு,
ஆறு வருஷமாய் அவள் நிறுவையில்
நாள் தவறாமல் மூன்று கிலோ வெட்டுகிறேன்.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தத் தீவுக்கும் ஆள் வந்திருந்தான். ஒரே ஒருவன்.
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்,
அதற்கு மேல் தன் நாட்டுக் கொடி,
எதிர் வேலியோரம் நின்று நடுங்கினான்.
அவனை எண்ணியபோது
எதைக் கழிப்பதென்று தெரியவில்லை.

இருபதாவது நிமிஷம் மூட்டம் இறங்கியது.
முதலில் தூரத்துக் கோல்கம்பம் போனது,
பிறகு ரெஃபரி,
பிறகு பந்து.
விசில் கேட்டது, எதற்கென்று தெரியாது.
பூட்ஸ் சேற்றில் விழும் சத்தம்,
யாரோ யாரையோ சிங்களத்தில் திட்டும் சத்தம்.

என் அப்பாவுக்கு நாடு கிடைத்தது
நாற்பத்திரண்டாம் வயசில், ஒரு தாளில்,
பெயரில் எழுத்துப்பிழையோடு.
"சிறி லங்கா" என்று கத்தப்போனால்
முதல் எழுத்திலேயே எனக்குத் தொண்டை கட்டும்.
மூட்டத்துக்குள் அது இல்லை.
கத்துகிறவன் எந்த லயத்தான் என்று யார் பார்க்கப்போகிறார்?
கத்தினேன்.
பக்கத்தில் சுமனபால "கஹப்பன்!" என்று கத்தினார்,
கடலைச் சுருள் பாதி கொட்டியது.
பொலிஸும் கத்தினார்கள்.
கழித்தவர்களையெல்லாம் திரும்பக் கூட்டவேண்டியதாயிற்று.

நடுநடுவே அந்த ஒருவனின் குரல், தனியாக,
ஈரத் தீப்பெட்டியை உரசுவதுபோல.
சூசைமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.
அவனுக்கும் சேர்த்து ஒருதரம் கத்திவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான்.

மஸ்கெலியாப் பையன் ஒருவன் பெஞ்சில் இருக்கிறான்,
பதினாறாம் நம்பர், தினோஷன்.
உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் வந்தோம்.
இறங்கினானா?
தெரியவில்லை.
தெரியாததால் அவன் பெயரையே கத்தினோம்,
யோகமலர்தான் தொடங்கினாள்,
மலையில் ஆள் கூப்பிடுகிற குரலில், இழுத்து:
"தினோ...ஷா...ன்!"
வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு கை உயர்ந்தது.
அது கோல்கீப்பராகவும் இருக்கலாம்.

ரெண்டுக்கு ஒன்று தோற்றோம் என்று
பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் சொன்னார்.
எங்களுடைய அந்த ஒன்றை
நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.
"எத்தனை பேர் வந்திருப்பாங்க?" என்று கேட்டார்.
"நெறைய" என்றாள் யோகமலர்.
நான் மறுக்கவில்லை.

காலையில் அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் ஆடி, இருபத்தொன்றில் நின்றது.
சாக்குக்கு ஒன்று கழித்தேன்.
"தண்ணிக்கு?" என்றார் கணக்கப்பிள்ளை.
"வெயில்தானே ஐயா" என்றேன்.
அவர் குடையை மடிக்காமலே
தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.