முந்நூற்றுப் பதினேழு

மனாமா, அத்லியாவில்
பல் டாக்டருக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவே
ஒரு கண்ணாடிக் கதவு.
உள்ளே ஏசி கொஞ்சம் கூடுதல்.
ரசகற்பூர நெடி கிடையாது,
அதில் மாரிவிக்குக்குப் பெருமை.
"பழசு விற்கிற கடை இல்லை மேடம்,
நம்பி ஒப்படைத்ததை விற்கிற கடை."

ஒவ்வொரு உடுப்பின் கக்கத்திலும் ஓர் அட்டை:
கொடுத்தவர் எண், வந்த தேதி, விலை.
முப்பது நாள் தாண்டினால் கால் பங்கு குறையும்,
அறுபது தாண்டினால் பாதி.
விற்றதில் சரிபாதி கொடுத்தவருக்கு.

நான் தேதி பார்த்து வாங்குகிறவள்.
இருபத்தெட்டாம் நாளில் ஒன்று கண்ணில் பட்டால்
ஆண்கள் கோட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு
இரண்டு ராத்திரி புரண்டு கிடப்பேன்.

அப்படி வந்ததுதான் சாம்பல் பிளேசர்.
விலை எட்டு, பொறுத்ததற்கு ஆறு.
தோள் தையல் சரியாக என் தோளில் வந்து நின்றது,
யாரோ தூங்கும்போது அளவெடுத்துப் போனமாதிரி.
அதைப் போட்டுக்கொண்டுதான் இன்டர்வியூ போனேன்,
இன்சூரன்ஸ் கம்பெனி, கிளெய்ம் பிரிவு.
தன்னம்பிக்கை தெரிகிறது என்றார்கள்.
யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை.

அட்டையில் 317.

அதன்பிறகு நிறம் பார்ப்பதை விட்டேன், எண்ணைப் பார்த்தேன்.
நீலக் கால்சட்டை: என்னைவிட அரை அங்குலம் உயரம்.
வெள்ளை லினன் சட்டை: இடது முழங்கை மட்டும் தேய்வு,
மேசையில் ஊன்றிக் கன்னம் தாங்குகிறவள்.
எந்த நாட்டுக்காரியோ.
ஒரு லேபிள் துருக்கி, ஒன்று போர்ச்சுகல்,
ஒன்று நம்ம திருப்பூராகக்கூட இருக்கலாம்.
இரண்டு வருஷத்தில் என் அலமாரியில் பாதி அவள்.
இரண்டு, மூன்று தினாராக
என் பணமும் அவளிடம் போய்க்கொண்டிருந்தது,
பேர் எழுதாத மொய்.

போன ரமலானுக்கு முன்
இடுப்பில் எலாஸ்டிக் வைத்த இரண்டு பாவாடைகள் வந்தன,
பக்கவாட்டுத் தையல் பிரித்துவிட்ட ஒரு கவுனும்.
அவற்றை வாங்கவில்லை.
ஆனால் சந்தோஷமாக இருந்தது, ஏனோ.
மாரிவிக்கிடம் கேட்டேன். பேர் சொல்வது விதியில் இல்லையாம்.

குழந்தைகள் வரிசையில் 317 வரவேயில்லை.
நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

நேற்று ஒரு கம்பி முழுக்க அவள்.
317, 317, 317.
பட்டன் ஒருமுறைகூடப் போடாத மழைக்கோட்டு உட்பட.
"புதன்கிழமை பிளைட்" என்று விதியை மீறினாள் மாரிவிக்.
"எல்லாம் இன்றே பாதி விலை. கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டாள்."

காத்திருக்காமலே பாதி விலை.
நான் இந்தக் கடைக்கு வருவதே இதற்காகத்தான்.
பச்சை ஸ்வெட்டரை எடுத்துப்போய்
முழு விலைக்குப் பில் போடு என்றேன்.
தட்டிப் பார்த்தாள்.
"சிஸ்டம் எடுக்காது மேடம்."

அதற்குள் ஒரு பெண் அந்தக் கம்பியில் நின்று
மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.
பாகிஸ்தான்காரியாக இருக்கலாம், இருபது இருபத்தொரு வயது.
"தோள் இறங்குது" என்றேன், கேட்காமலே,
என் ஓட்டை ஹிந்தியில்.
குரலில் அத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்ததோ.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.
"உங்களுதா?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் கொடுக்கறீங்க?"

புதன்கிழமை பிளைட் என்றேன்.

"ஐயோ" என்றாள், உண்மையாகவே.
"அங்கே போய் நல்லா இருங்க."
பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்,
தோளைத் தூக்கிவிட்டுக்கொண்டு
வாங்கத்தான் வாங்கினாள்.

வெளியே பஸ் வரவில்லை.
ஏப்ரலிலேயே இப்படிப் புழுக்கம்.
பிளேசர் கையை முழங்கை வரை மடிக்கப் போனேன்,
துணி தானாகவே மடிந்தது
ஏற்கெனவே இருந்த கோட்டில்.