ஊமைக் கட்டை

கிழமை நாட்களில் என் கால்கள்
கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையின் முப்பத்தொன்பதாம் மெசினுக்குச் சொந்தம்.
முழங்காலால் நெம்பினால் ஊசிப்பாதம் உயரும்,
குதியால் அழுத்தினால் நூல் அறும்.
ஞாயிறு காலை அக்கராயன் கோயிலில்
அதே கால்களைக் கழுவி, செருப்பை வாசலில் விட்டு
ஓகனுக்குக் கொடுக்கிறேன்.

நோர்வேயிலிருந்து வந்தது என்கிறார்கள்.
பின்பலகையில் பென்சிலால் சில எண்கள்,
எனக்கு விளங்காத மொழியில் ஒரு சொல்.
மேலே இரண்டு அடுக்குக் கட்டைகள்,
கீழே மிதிகட்டைகள் பதின்மூன்று.
அதில் ஒன்று ஊமை.
பி பிளாட்.
எறும்பு என்றார் யூஜின் அண்ணை. கறையான் என்றாள் பெனடிக்ரா.
திறந்து பார்த்தால் பல்லி முட்டை ரெண்டு.

ஆர்மோனியம் தெரிந்தவர்கள் வந்து இருந்து பார்த்தார்கள்,
பத்து நிமிடத்தில் எழும்பிப் போனார்கள்.
இதில் கோபமாய்க் குத்தினாலும்
பூப்போலத் தொட்டாலும் ஒரே சத்தம்.
கூட்டுவதும் குறைப்பதும் வலது பாதம்.
இடது பாதம் அடிக்குரலைத் தேடி நடக்கும்,
விளக்கில்லாமல் இரவில் கிணற்றடிக்குப் போவதுபோல்.
விரலை எடுத்தால் ஒலி அந்தக் கணமே சாகும்,
மிச்சம் வைக்காது.
ஆகவே ஒரு விரல் போகுமுன் இன்னொன்று
அதே கட்டையில் வந்து நிற்கவேணும்,
மண்ணெண்ணெய் வரிசையில்
"அக்கா, என்ர இடத்தை ஒருக்காப் பாருங்கோ" என்று
கானை வைத்துவிட்டுப் போவதுபோல்.
கேட்கிறவருக்கு ஆள் மாறியது தெரியக்கூடாது.
தெரிந்தால், பிழை.

மூன்று வருசம் இதற்கு.
பஸ்ஸில் மடியில் பழகினேன்.
கொலர் தைக்கையில் இடக்கால் தன்பாட்டில் நடந்து
சுப்பவைசரிடம் ஏச்சு வாங்கினேன்.
ஒரு தவக்கால ஞாயிறு, சட்டைக்கை பட்டு
தாள விசை அமுங்கிப் பொசநோவா தொடங்கிவிட்டது.
டிக்கு டிக்கு டிக்கு, சிலுவைக்கு முன்னால்.
நிறுத்த ஒரு கை வேணும்.
என்னிடம் மிச்சமாய் ஒரு கை இல்லை.
பாதர் நெவின்ஸ் கண்ணை மூடினார்.
செபிக்கிறார் என்று சனம் நினைத்தது.

அதை விடுங்கோ. சொல்ல வந்தது போன ஞாயிறு.
காணிக்கைப் பாட்டின் இரண்டாம் அடியில் கரண்ட் போனது.
எஃப்-இல் இருந்தோம்.
சனம் நிற்காமல் பாடிக்கொண்டே போனது.
நானும் நிற்கவில்லை, நின்றால் எண்ணிக்கை போய்விடும்.
சத்தமில்லாக் கட்டைகளில் விரல்கள் ஓட
மிதிகட்டைகள் மட்டும் டொக், டொக்.
முதல் வாங்கிலிருந்த பெடியன் ஒருவன்
குனிந்து என் கால்களையே பார்த்தான்.

ஐந்தாம் அடியில் கரண்ட் வந்தது.
எண்ணிக்கையில் ஒரு மயிரளவும் பிசகில்லை. ஆனால்
பிடிக்க ஒன்றுமில்லாத குரல்கள்
அரைக் கட்டை சறுக்கி
ஈ-யில் நின்றன.
முதல் ஒலி, கருங்கல்லில் கத்தி.
கையை ஒருதரம் தூக்கினேன்.
எஃப்-இல் ஒரு கறுப்புக் கட்டை போதும், ஈ-க்கு நாலு.
யோசிக்க நேரமில்லை, விரல்கள் ஆள் தெரியாத வீட்டுக்குள்
சப்பாத்தோடு ஏறியதுபோல் ஏறின.
பாதம் ஈ-யை மிதித்தது. பிறகு ஏ. பிறகு பி.
மூன்றும் பேசின.

எஃப்-இல் எந்தப் பாட்டிலும்
நாலாம் சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு குழி.
இத்தனை வருசமாய் இடது கையால் அதை மூடி மூடி
குழி இருக்கிறதென்பதே மறந்துபோயிருந்தது.
ஈ-யில் குழி இல்லை.
அடிக்குரல் தரையோடு தரையாய்ப் போய்
பெனடிக்ரா இருந்த வாங்கின் தளர்ந்த ஆணியை
கிறுகிறுவென்று ஆட்டியது.

பூசை முடியப் படியில் நின்று யூஜின் அண்ணை கேட்டார்:
"அந்தக் கட்டையைத் திருத்திப்போட்டியோ?"
"இல்லை அண்ணை, நீங்கள்தான் இறங்கினனீங்கள்" என்றேன்.
அவர் திரும்பிப்
படிகளைப் பார்த்தார்.