நாலு

கடைசி மணி அடித்தாயிற்று.
மீன் வடிவப் பைக்குள் சட்டை, செருப்பு,
புள்ளி அறிக்கை எல்லாம் சுருட்டிக்கொண்டு
வகுப்பே ரைன் ஆற்றில் குதிக்கிறது.
பாசலின் பாலங்கள் தலைக்கு மேல் நழுவுகின்றன.

திரைச்சீலையைக் கொளுத்திய லூக்காவுக்கு
வேதியியலில் ஆறு. சிரிக்காதே.
வசனம் மறந்த ஆரபி
மேடையில் தும்மியே சமாளித்தாள்.

மிதுர்ஷன், நினைவிருக்கா?
டோர்ட்முண்டிலிருந்து வந்த புதிதில்
ஐந்தரை எடுத்துவிட்டுக் கழிவறையில் அழுதாய்.
அங்கே ஒன்றுதான் உச்சி, இங்கே ஆறு;
யாரும் சொல்லவில்லை உனக்கு.

இன்று கணக்கில் நாலு.
அங்கும் தேறும், இங்கும் தேறும்,
எந்த நுனியிலிருந்து எண்ணினாலும்
மூழ்காத இலக்கமடா அது.

மிச்சத்தை ஆகஸ்டில் பார்க்கலாம்.
பையைக் கட்டிப்பிடி, காலை உதை,
வலப்பக்கம் ஒதுங்கு,
சரக்குக் கப்பல் வருகிறது.