பத்துப் பொன்னுக்கு ஓர் இரவு

ஒரு கொத்துரொட்டியிலும் மலிவு.
கழிவு போட்டிருந்த நாளில் வாங்கினேன்,
முந்நூற்றெண்பது ரூபாய்.

திருக்கடலூர் ஐஸ் கொம்பனியில் இரவு வேலை எனக்கு.
உப்புத் தொட்டிக்குள் தகரப் பெட்டிகள் இறுகும் மட்டும்
செய்ய ஒன்றுமில்லை.
அமோனியாக் குழாய் இடைக்கிடை இருமும்.
கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில்
கண்ணாடி வெடித்த போனுக்குள்
ஒரு ராச்சியம் அழிந்துகொண்டிருக்கும்.

வீரனுக்கு மூக்கில்லை.
கண் என்பது இரண்டு கறுப்புக் கட்டம்.
நின்றாலும் கால் மாறி மாறி அசையும்,
நின்ற இடத்திலேயே நடக்கிறவன்.

"இதென்ன மச்சான்,
குளிக்கிற அறை மாபிள் மாதிரி ஆக்கள்"
என்றான் இம்தியாஸ்,
கிண்ணியாவிலிருந்து லொறி கொண்டு வருகிறவன்.
அவனுடைய போனில் துவக்குச் சண்டை,
செத்தவனின் வேர்வைகூடத் தெரியும்.
நான் பதில் சொல்லவில்லை.
என் வீரன் பூதத்துக்கு முன்னால் நின்றான்.
பூதமும் நின்றது.

அதுதான் இதில் விசயம்.
நான் தொடும் வரைக்கும் பூதம் அடிக்காது.
வாசலில் ஹோர்ன் கேட்டு எழும்பிப் போய்
நாற்பது கட்டி எண்ணி ஏற்றி
விரல் விறைத்துத் திரும்பினால்
அவன் வாளை ஓங்கியபடி
அது வாயைப் பிளந்தபடி
அப்படியே நிற்கிறார்கள், எனக்காக.
இந்த ஊரில் வேறு ஆர் நின்றது?
அடகுக் கடையா,
நான் ஓடிவரக் கண்டும் எடுத்த நிலாவெளி பஸ்ஸா?

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன்.
மூன்றாம் குகையும் ஐந்தாம் குகையும் ஒரே குகை,
சுவருக்கு நீலம் பூசியிருக்கிறது.
ஓநாய்க்குச் சிவப்படித்தால் நரக ஓநாய்.
முப்பது செக்கனுக்கொருதரம்
பாட்டு தன் வாலைத் தானே விழுங்கும்.
கடைசி அரக்கனை
கடைத்தெருவில் விற்கிற மலிவான பூண்டால் கொல்லலாம்,
ஆரோ கணக்கில் பிழைவிட்டிருக்கிறார்.

ஆனால்
கிணற்றுக்குப் பின்னால் ஒரு பூனை.
கதைக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.
கிட்டப் போனால் வால் ஒருதரம் அசையும்.
நாலே நாலு கட்ட வால்.
அதற்காக ஆரோ ஓரிரவு விழித்திருக்க வேணும்.

துறையில் ஒரு தோணிக்காரன்.
எப்போது தட்டினாலும் ஒரே வசனம்:
"இன்றைக்குக் காற்றுச் சரியில்லை."
நாற்பது தரம் கேட்டிருப்பேன்.
கார்த்திகையில், கரண்ட் போய்ப்போய் வந்த கிழமை,
தகரக் கூரையில் மழை,
போனுக்குள்ளும் மழை.
சும்மா தட்டினேன்.
"மகள் போன அன்றும் காற்று இப்படித்தான்."
அந்த வசனத்தில் ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது.
வேறொன்றும் இல்லை.
பரிசில்லை, திறப்பில்லை,
வரைபடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
தொட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

முடிவில் பெயர்கள் ஓடின.
கதை, படம், இசை, கணக்கு
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
பிழை பார்த்தவர்: அம்மா.

சத்திரம் ஒன்று உண்டு, சொல்ல மறந்தேன்.
பத்துப் பொன் கொடுத்தால்
திரை கறுக்கும், நாலு சுரம் கேட்கும்,
விடிந்துவிடும்.
உடம்பில் ஒரு காயமும் இராது.

எனக்கு ஆறரைக்குத்தான் விடியும்.
பஸ் ஸ்டாண்டில் மான்கள்
சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டு நிற்கும்,
ஒரே படத்தை நாலு தரம் ஒட்டினது போல.
வீட்டுக்குப் போய்ப் படுத்தால்
பக்கத்துக் காணியில் கல்லரைக்கிற மெசின்.

நேற்று ஐஸ் ஏற்றி முடிந்தும்
இம்தியாஸ் லொறியை எடுக்கவில்லை.
கண்ணாடியை இறக்கினான்.
"அந்தத் தோணிக்காரன்
பிறகு ஏதும் சொன்னவனா?"

இல்லை என்றேன்.
பங்குனி மாதம்.
மழைக்கு இன்னும் ஏழு மாதம் கிடக்கு.