சுவடுகள் இருக்கலாம்

இந்த நாட்டின் மொழியை நான்
பொதிகளின் முதுகில் படித்தேன்.
எள்ளளவு எழுத்து, அதன் மேலே மடிப்பு,
கடைசியில் வரும் அந்த ஒரு வரி:
கொட்டைகளின் சுவடுகள் இருக்கலாம்.
இருக்கிறது என்றால் வைத்துவிடுவேன்.
இல்லை என்றால் வண்டிலில் போடுவேன்.
இருக்கலாம் என்றால்
கடையின் நடுவில் அப்படியே நிற்பேன்,
பின்னால் வருபவர்கள் செருமும்வரை.

மகிழினிக்கு ஒரு கஜுத் துண்டு போதும்,
உதடு தடித்து மூச்சு அடைக்கும்.
ஊசி ஒன்று அவள் பள்ளிப் பையில்,
ஒன்று என் கைப்பையில்,
ஒன்று சப்பாத்து ராக்கைக்கு மேல்.
குகநேசனுக்குச் சலரோகம்.
நாற்பத்திரண்டு வயதில் வந்தது,
பாணும் சோறும் சீனியும் ஒரே நாளில் பகையாகின.
சீனி இல்லாத பலகாரக் குறிப்பெல்லாம்
வாதுமை மாவில் தொடங்கும்.
வாதுமை இல்லாததெல்லாம்
இருநூறு கிராம் சீனியில்.
மூன்று வருடமாக இந்த மேசையில்
ஒருவர் இனிப்புத் தின்ன
மற்றவர் சன்னலில்
தொங்குரயில் போவதைப் பார்த்திருந்தார்.

சனிக்கிழமை. வூப்பர்டாலில் மழை,
வேறு என்ன பெய்யும்.
சூரியகாந்தி விதையைக்
கோப்பி அரைக்கிறதில் போட்டு
விட்டு விட்டு அரைத்தேன்.
ஒரு நொடி கூடினாலும் எண்ணெய் கக்கும்.
தேங்காய் மா இரண்டு கரண்டி.
தேங்காய் அவளுக்கு ஒன்றும் செய்யாது என்று
ஆஸ்பத்திரியில் கையில் கீறிப் பார்த்துச் சொன்ன அன்று
நான் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன்.
வெண்ணெய், இரண்டு முட்டை, ஏலக்காய்,
அப்பச்சோடா அரைக் கரண்டி.
பிறகு எரித்ரிட்டோல்,
பெயரில் எரி, நாக்கில் பனி.
முள்ளுக்கரண்டியால் அமத்திப்
போறணையில் வைத்தேன், பன்னிரண்டு நிமிடம்.

இருவரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள்.
நான் குசினி வாசலில் நின்று
துடைத்த கோப்பையையே துடைத்தேன்.
இனிப்புக் குளிருது அப்பா, என்றாள்.
ஓம், வாய்க்குள் யன்னல் திறந்த மாதிரி, என்றார் அவர்.
இரண்டு மணி கழித்து விரலில் குத்தினார்.
நூற்று முப்பத்தெட்டு.
எண்ணை எனக்குச் சொல்லாமல்
இன்னொன்று எடுத்தார்.

ஞாயிறு காலை டப்பாவைத் திறந்து
ஒன்றை உடைத்தேன்.
உள்ளே பச்சை.
பாசிப் பச்சை இல்லை, கொத்தமல்லிச் சட்னிப் பச்சை.
எறியும் அதை, என்றார் குகநேசன்.
மகிழினி வாய் நிறைய வைத்துக்கொண்டு நின்றாள்.
எத்தனை தின்றாய்?
இரண்டு விரல் காட்டினாள்.
நான் கைப்பையை மடியில் வைத்து
மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
ஐந்து நிமிடம். பதினைந்து.
அவள் உதட்டையே பார்த்தேன்.
அவள் நாக்கை நீட்டி நெளித்துக் காட்டினாள்.
அரை மணியில் சலித்துப்போய்
கார்ட்டூன் பார்க்கப் போனாள்.

திங்கள், மருந்துக்கடை பிரிங்க்மன் அம்மா
வாய் பொத்தாமல் சிரித்தாள்.
சூரியகாந்தியும் சோடாவும் சேர்ந்தால்
அப்படித்தான், நஞ்சு இல்லை.
கொஞ்சம் எலுமிச்சை விட்டால் நிறம் மாறாது.

அடுத்த சனி எலுமிச்சை வெட்டினேன்.
பச்சை வேணும், என்றாள் மகிழினி,
வகுப்புக்குக் கொண்டு போகப் போறன்,
டிராகன் பிஸ்கட் என்று சொல்லிவிட்டன்.
எலுமிச்சையைத் தேத்தண்ணீரில் பிழிந்தேன்.

டப்பாவின் மூடியில் ஒட்ட
ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினேன்:
விதை, தேங்காய், முட்டை, வெண்ணெய்.
கடைசி வரிக்கு வந்ததும்
பேனை கொஞ்சம் நின்றது.
மிக்சியைக் கழற்றிக் கழுவியது நான்.
அரிதட்டு புதிது. கரண்டி புதிது.
சுவடுகள் இல்லை, என்று எழுதினேன்,
கடையில் இருப்பதைவிடப் பெரிய எழுத்தில்.
அதில் ஒரு எழுத்துப் பிழை என்றாள்.
பென்சிலால் திருத்திவிட்டு
சப்பாத்துப் போட ஓடினாள்,
ஊசியை மறந்து,
பிறகு அதற்காகத் திரும்பி வந்து.