சட்டையில் படித்தது

பதினோரு வருடமாய் என் புருஷன்
மெட்ரோ படிக்கட்டு வாசலில் நின்று
சுழலும் கறிக்குன்றைச் சீவுகிறான்.
விடிகாலை மூன்று மணிக்கு இஸ்தபலாபாவில்
முதலில் அவன் வாசனை மாடியேறி வரும்,
சாவி போடும் சத்தம் அதற்குப் பின்னால்.

மகள் இட்செல் பள்ளியில் சொல்லியிருக்கிறாள்:
எங்கள் அப்பா அன்னாசியைப் பறக்கவிட்டு
டாக்கோவில் பிடிப்பார்.
ஒருத்தியும் நம்பவில்லை.
வீட்டில் செய்து காட்டு, செய்து காட்டு என்று
மூன்று வாரம் அரித்தாள்.

மசாலா என்ன பக்குவம், சொல் என்றேன்.
செலெடோனியோ காதைச் சொறிந்தான்.
தெரியாது.
தெரியாதா!
முதலாளி வீட்டிலிருந்து வாளியில் வரும்,
கறி ஏற்கெனவே ஊறி, மேலே மூடி போட்டு.
நான் கம்பியில் குத்துவேன், சீவுவேன். அவ்வளவுதான்.
தபால்காரனிடம்
கடிதத்தில் என்ன என்று கேட்ட மாதிரி ஆயிற்று.

ஆனால் எனக்குத் தெரியும்.
திங்கள்தோறும் அவன் சட்டைகளை
மொட்டைமாடித் தொட்டியில் கசக்குகிறவள் நான்.
முதல் தண்ணீர் செங்கல் நிறம், அது அச்சியோத்தே.
இரண்டாம் அலசலில் சீரகம் கிளம்பும்.
கழுத்துப்பட்டையில் கிராம்பு,
எந்தச் சோப்புக்கும் அசையாது.
கக்கத்தில் இருப்பது வியர்வையா வினிகரா என்று
கல்யாணமான புதிதில் குழம்பியிருக்கிறேன்.
இரண்டும்தான்.
மழை பிடித்துச் சட்டை காயாத நாட்களில் மட்டும்
இன்னொன்று வரும், கருகலாய், லேசான இனிப்பாய்.
அது தோலோடு சுட்ட பூண்டு என்று
கண்டுபிடிக்க ஆறு வருடம்.

பன்றித் தோள், இரண்டு கிலோ,
காகிதம் போல் மெல்லிசாக என்றேன்.
யாருக்கு என்றார் கசாப்புக்கடை கிரிசோஃபரோ.
சொன்னேன்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாய் என்று
கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மிளகாயை விதை தட்டி வெந்நீரில் போட்டேன்.
பூண்டைக் கல்லில் சுட்டேன்.
மிக்ஸி அலறி நின்றபோது
என் கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு.
கடன் கேட்க வந்த எதிர்வீட்டு யாதிரா
கேட்காமலே திரும்பிப் போனாள்.

ஓர் இரவு முழுக்க ஊறியது.
சுழலும் கம்பிக்கு எங்கே போவது?
அரை அன்னாசியைத் தட்டில் கவிழ்த்து
மரக்கரண்டிக் காம்பைச் சீவி அதில் நட்டு
கறியை ஒன்றன்மேல் ஒன்றாய்க் குத்தி ஏற்றினேன்.
அடுப்புக்குள் அது
கடைசிப் பேருந்தில் தூங்குகிறவன் போல்
ஒரு பக்கம் சாய்ந்து, விழாமல் வெந்தது.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்தவன்
ஓரத்தில் மொறுகிய துண்டைக் கிள்ளி வாயில் போட்டான்.
மென்றான். மறுபடியும் மென்றான்.
யார் சொன்னது உனக்கு?
நீதான்.
நானா?
உன் சட்டை.
போட்டிருந்த பனியனை இழுத்து
முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு சொன்னான்:
ஆனால் எங்கள் கறியில் பூண்டு வாசமே கிடையாதே.
கொஞ்சம் யோசித்து,
அது பக்கத்துத் தள்ளுவண்டி.
இறால் வறுக்கிறானே, அவனுடையது.

ஆறு வருட ஆராய்ச்சி!
நடைபாதை முழுவதையும் சேர்த்து
ஊறவைத்திருக்கிறேன்.
எடுத்துவிடட்டுமா அடுத்த தடவை என்றேன்.
அவன் தட்டை நீட்டினான்.

இட்செலின் தோழிகள் மூவர்
சுவரோரம் வரிசையாய், பரிசோதகர்கள் போல.
ஒரு கையில் தொர்த்தியா, மறுகையில் காய்கறிக் கத்தி.
முதல் அன்னாசித் துண்டு விளக்கில் பட்டது.
இரண்டாவது,
டயர் கடை கொடுத்த காலண்டரில் போய் ஒட்டியது.
கூரை தாழ்வு என்றான். கத்தி மொக்கை என்றான்.
மூன்றாவதை அவன் பிடிக்கவில்லை,
எம்பிய இட்செல் வாயால் பிடித்தாள்.

நம்பிவிட்டார்கள்.
கொத்தமல்லி, வெங்காயம், எலுமிச்சை என்று
ஆளுக்கு ஐந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

காலண்டரில் வியாழக்கிழமையைத் தொட்டால்
இன்னும் பிசுபிசுக்கிறது.
எறும்புகள் அதைச் சுற்றிப் போவதில்லை,
அங்கேயே நிற்கின்றன.