புல எண் இல்லை

விளையாட்டு ஆப் செய்கிற கொழுந்தன் அருள்தாஸ்
சென்னையிலிருந்து கேட்டான்:
ஒரு தீவுலகம் வேண்டும் அண்ணி,
ஜப்பான் சாமிக் கதை மாதிரி.
வரைபடம் மட்டும் போதும்.

நான் வேதாரண்யம் வட்டத்து நில அளவர்.
வேறு விதமாக வரையத் தெரியாது.
ஒன்றுக்கு இரண்டாயிரம் அளவில்
வடக்கு அம்பு போட்டுத் தொடங்கினேன்.

கடலை ஈட்டியால் கலக்கித் தூக்கினார்களாம்;
நுனியில் சொட்டிய உப்பு
முதல் தீவாய் உறைந்ததாம்.
இது எங்களுக்குப் புதிதா?
மே மாதம் அகஸ்தியன்பள்ளிப் பாத்திக்கு வரட்டும்,
பலகை வாரிய இடமெல்லாம்
காலில் நறநறக்கிற வெள்ளைத் தீவு.
புல எண் ஒன்று.

தீ கக்கும் மலை கேட்டிருந்தான்.
எனக்கு மலை வரவில்லை.
நான் ஏறிய பெரிய உயரம்
கோடிக்கரை ராமர்பாதம்.
அதையே வைத்தேன். நாலு ஆள் உயரத்தில்
புகைகிறது எரிமலை.

நிலத்துக்கடியில் ஒரு கெளுத்தி,
அது புரண்டால் ஊர் ஆடும்.
அதன் மீசையை மட்டும்
மானங்கொண்டான் ஆறு போல வளைத்துவிட்டேன்.

வெள்ளத்துக்கு ஒரு மணி, வற்றலுக்கு ஒரு மணி,
இரண்டும் கடலடி அரசன் கையில்.
மேட்டூர் ஷட்டர் சாவி மாதிரி.
கடைமடைத் தீவுக்கு
அவனும் பாக்கிதான் வைத்திருக்கிறான்.

செத்தவர் நாட்டு வாசலை
ஒரு பாறை அடைத்திருக்க வேண்டும்.
பாறைக்கு இங்கே எங்கே போக?
எல்லைக்கல் ஒன்று நட்டேன்.

கதையில் ஓரிடத்தில் பென்சில் நின்றது.
தீவுகளுக்கு முன்னால் ஒன்று பிறந்திருக்கிறது.
எலும்பில்லாமல், அட்டை போல.
நாணல் படகில் வைத்துத் தள்ளிவிட்டார்கள்.
பிள்ளைகளின் கணக்கில் அது சேராது என்று
தனியாக ஒரு வரி.

நாகை ஆஸ்பத்திரி. ஏழாம் மாதம்.
துணி கொண்டுவந்தீர்களா என்று மட்டும்
நர்ஸ் கேட்டாள்.
எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக்கு அப்பால்
ஒரு மணல்திட்டு.
தையில் தெரியும், ஐப்பசியில் இருக்காது.
சங்கிலி போட்டு அளக்க முடியாது.
அதை எடுத்து
எட்டுத் தீவுக்கும் வெளியே வைத்தேன்.

அருள் போன் செய்தான்.
எல்லாம் சூப்பர் அண்ணி.
தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளி,
மை சிந்திவிட்டதா, அழித்துவிடவா?

இருக்கட்டும் என்றேன்.

ஆடுகிறவர்கள் அங்கே போக முடியுமா?

நீர் வற்றும்போது
நடந்தே.